அந்த ஓட்டம் பழசாகவில்லை

1908 நவம்பர் 29ஆம் தேதி நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அந்த நாள் வரும்போதெல்லாம் நாகர்கோவிலில் எங்காவது ஒரு கூட்டம் நடக்கும். கலைவாணர் சிலைக்கு மாலை விழும். பேச வருகிறவர் 'இந்தியாவின் சார்லி சாப்ளின்' என்று தொடங்குவார். அடுத்த மூச்சிலேயே, சாப்ளின் ஓடியும் விழுந்தும் சிரிக்க வைத்தார், நம் கலைவாணர் சிந்திக்கவும் வைத்தார் என்பார். கைதட்டல் எழும். இருபது வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கலைவாணரைப் புகழ்வதாக நினைத்து அவரையும் சாப்ளினையும் ஒருசேரக் குறைக்கிற பேச்சு இது.

மேடைக்கு வெளியேயும் இதே எண்ணம்தான் ஓங்கியிருக்கிறது. சினிமா பற்றி நிறையப் படித்த நண்பர்களே சொல்கிறார்கள்: ஊமைப்படக் காலத்துத் துரத்தல் படங்களெல்லாம் சினிமா தவழ்ந்த பருவத்துச் சேட்டை. பேச வழியில்லாததால் ஓடினார்கள். பேச்சு வந்ததும் ஓட்டம் தேவையற்றுப் போனது. இன்றைக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடம் தாங்காது. சாப்ளின் பிழைத்துக்கிடக்கிறார் என்றால் அது அவர் அழவைத்த படங்களால்தான். இந்தக் கூற்றில் ஒரு வரியைக்கூட நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்ததிலிருந்து சொல்கிறேன்.

போன கோடை விடுமுறையில் சொந்தக்காரப் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளுமாகப் பதினான்கு பேர் கூடியிருந்தார்கள். ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை. வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் எடுத்து, தண்ணீர்த் தொட்டியின் வெள்ளைச் சுவரில் சாப்ளின் 1917இல் எடுத்த 'தி அட்வென்ச்சரர்' படத்தைப் போட்டேன். சிறையிலிருந்து தப்பிய ஒருவனைக் காவலர்கள் கடற்கரையில் துரத்துகிற கதை. கடற்கரையில் வளர்கிற பிள்ளைகளுக்கு மணலும் பாறையும் புதிதில்லை, அதனால் அதைத் தேர்ந்தேன். இணையத்தில் முதலில் கிடைத்த பிரதியைப் போட்டது என் தவறு. படம் விறுவிறுவென்று ஓடியது. அடி விழுகிற இடமெல்லாம் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், பின்னால் நிற்காமல் தட்டிக்கொண்டே போகிற இசை. பிள்ளைகள் இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "மாமா, இது கார்ட்டூனா?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு பேர் மாடிப்படியில் இறங்கிப் போனார்கள். பெரியவன் செல்போனை எடுத்துவிட்டான். மாற்றுக் கருத்துக்காரர் அங்கே இருந்திருந்தால், 'பார்த்தீர்களா' என்று சொல்லி அன்றைக்கே வழக்கை முடித்திருப்பார்.

சாப்பாடு முடிந்த பிறகு அதே படத்தின் இன்னொரு பிரதியைப் போட்டேன். பழைய படச்சுருள்களை ஒப்பிட்டுச் சுத்தம் செய்து, ஓட்ட வேகத்தையும் சரிசெய்த பிரதி. ஒலியை முழுக்க அணைத்துவிட்டேன். கடற்கரை மணல் மெல்ல அசைகிறது. அதற்குள்ளிருந்து ஒரு தலை எழுகிறது. கண் திறக்கிறது. பக்கத்திலேயே துப்பாக்கியோடு காவலன். அந்த முகம் அதைக் காண்கிறது, புரிந்துகொள்கிறது, ஒரு கணம் யோசிக்கிறது; பிறகு மணலை வாரித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போகிறது. "லே, அவன் மண்ணுக்குள்ளயே கெடக்கான்லே!" என்று ஆறு வயதுக்காரன் எழுந்து நின்று கத்தினான். கீழே போயிருந்த இருவரும் சிரிப்புச் சத்தம் கேட்டு ஏறி வந்தார்கள். கடைசித் துரத்தலில் சாப்ளின் விளக்கின் மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அசையாமல், விளக்காகவே நிற்கிறார். காவலர்கள் கடந்து ஓடுகிறார்கள். எண்பது வயது ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவம் மக்கா அந்தப் பய, ஒரு எடத்துல நிக்க விடமாட்டேங்கானுவளே" என்றாள். சிரிப்பில் வந்த கண்ணீர்தான் அது. ஆனால் 'பாவம்' என்ற சொல்லும் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

அதே படம், அதே சுவர், அதே பிள்ளைகள். நடுவில் மாறியது வேகமும் சத்தமும் மட்டும்.

இதற்குக் காரணம் மிக எளிய கணக்கு. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 பிரேம், விநாடிக்கு இரண்டு சுற்று, ஆக விநாடிக்கு ஏறக்குறைய 16 பிரேம் என்பது பொதுவழக்கம். பேசும்படம் வந்தபோது ஒலிக்காக ஓட்டம் விநாடிக்கு 24 பிரேம் என்று நிலைபெற்றது. 16இல் சுற்றியதை 24இல் ஓட்டினால் மூன்று விநாடி நடந்தது இரண்டு விநாடியில் முடிந்துவிடும். மணலிலிருந்து எழுந்த முகம் காவலனைக் கண்டு யோசிக்கிற அந்தக் கணம் அப்போது கண்ணுக்கே தட்டுப்படாது. யோசனை போய்விட்டால் மிஞ்சுவது வெறும் துள்ளல்.

சாப்ளின் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்பதற்குத் தெளிவான தடம் இருக்கிறது. 1916, 1917ஆம் ஆண்டுகளில் மியூச்சுவல் நிறுவனத்துக்காக அவர் எடுத்த 12 குறும்படங்களை, 1932இல் வான் பியூரன் என்ற நிறுவனம் வாங்கி, இசையும் சத்தங்களும் ஒட்டி மறுபடி வெளியிட்டது. பேசும்பட வேகத்தில் ஓடுகிற அந்தப் பிரதிகள்தான் பின்னால் பல பத்தாண்டுகள் உலகமெங்கும் சுற்றின. என் தலைமுறையினர் பலர் தொலைக்காட்சியில் பார்த்த சாப்ளினும் இப்படி விரைவுபடுத்தப்பட்ட சாப்ளின்தான். மூல வேகத்தையும் முழு நீளத்தையும் மீட்கும் பணி கடந்த இருபது ஆண்டுகளில்தான் முறையாக நடந்திருக்கிறது. 1914இல் கீஸ்டோன் நிறுவனத்தில் சாப்ளின் நடித்த படங்களை லண்டனிலும் பொலோனியாவிலும் பாரிசிலும் உள்ள காப்பகங்கள் சேர்ந்து சீர்செய்து 2010இல் வெளியிட்டன. அதற்கு முன் உருவான தீர்ப்பையே இன்னும் திருப்பிச் சொல்கிறவர்கள், கெட்ட பிரதியைப் பார்த்துவிட்டுப் படத்தைக் குறைசொல்கிறார்கள்.

'அந்தக் காலத்திலேயே வேகமாக ஓட்டிக் காட்டத்தானே எடுத்தார்கள்?' என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. துரத்தல் காட்சியில் கேமராக்காரர் வேண்டுமென்றே கைப்பிடியைச் சற்று மெதுவாகச் சுற்றுவார். திரையில் ஓட்டம் பறக்கும். ஆனால் எங்கே எவ்வளவு மெதுவாகச் சுற்றுவது என்பதில்தான் அவருடைய கை இருந்தது. நடக்கிறவன் மனிதனைப் போல நடப்பான். துரத்தல் தொடங்கியதும் உலகமே முடுக்கிவிட்டது போலாகும். இந்த வித்தியாசம்தான் சிரிப்பின் நெம்புகோல். எல்லாவற்றையும் ஒரே சீராக முடுக்கிவிட்டால், சும்மா தேநீர் குடிக்கிறவனும் உயிருக்குப் பயந்து ஓடுகிறவனும் ஒன்றாகிவிடுவார்கள். முதல் பிரதியில் துரத்தல் எப்போது தொடங்கியது என்றே எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று அதைப் பார்த்து முடிவுகட்டுவது அநியாயம்.

சிந்தனை இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அதே 'அட்வென்ச்சரர்' படத்தில் தப்பிய கைதி ஒரு பணக்கார வீட்டு விருந்துக்குள் நுழைந்துவிடுகிறான். மாடி முகப்பில் ஐஸ்கிரீம் தின்கிறபோது அது நழுவி அவனுடைய தொளதொளத்த கால்சட்டைக்குள் விழுகிறது. உள்ளே சில்லென்று இறங்குவதை அவன் முகம் படிப்படியாகச் சொல்கிறது. கடைசியில் அது கீழே உட்கார்ந்திருக்கிற ஒரு சீமாட்டியின் முதுகில் விழுகிறது. மறுவருடம் எழுதிய கட்டுரையில் சாப்ளின் இந்தக் காட்சியை விளக்கியிருக்கிறார். ஓர் ஏழைப் பெண்ணின் முதுகில் விழுந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வந்திருக்கும், அவளுக்கு இழக்கக் கௌரவம் ஏதும் இல்லை என்பதால் சிரிப்பு வந்திருக்காது என்கிறார். யார் மீது விழ வேண்டும், எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும், விழுவதற்கு முன் எவ்வளவு நேரம் காக்க வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எடுத்த காட்சி அது. இதைவிடத் தெளிவாக வர்க்கத்தைப் பற்றி யோசித்த காட்சியை எந்த வசனப் படத்திலிருந்து எடுத்துக் காட்டுவார்கள்?

இன்னொரு ஊமைப்பட நகைச்சுவைக் கலைஞரான பஸ்டர் கீட்டனின் 'காப்ஸ்' 1922இல் வந்தது. இருபது நிமிடம்கூட இல்லை. பெரிய தொழிலதிபராக வந்தால்தான் உன்னைக் கட்டிக்கொள்வேன் என்று ஒரு பெண் சொல்ல, அப்பாவியான ஓர் இளைஞன் பிழைக்கப் புறப்படுகிறான். ஏமாற்றுக்காரன் ஒருவனின் பேச்சை நம்பி, வீடு மாறக் காத்திருக்கும் யாரோ ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களை 'வாங்கி'க் குதிரை வண்டியில் ஏற்றுகிறான். அந்தக் குடும்பத் தலைவர் ஒரு போலீஸ்காரர் என்பது அவனுக்குத் தெரியாது. வண்டி, வழி தவறி, நகரத்துக் காவலர்களின் அணிவகுப்புக்குள் நுழைந்துவிடுகிறது. கூரை மேலிருந்து ஒருவன் வீசிய வெடிகுண்டு அவன் பக்கத்தில் வந்து விழ, எரிகிற திரியில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அதைத் தூக்கி எறிகிறான். அவ்வளவுதான், நகரத்துப் போலீஸ் முழுவதும் அவன் பின்னால்.

அந்தப் படத்தில் ஒரு காட்சியை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். உயரமான வேலி. அதன் மேல் ஓர் ஏணி, தராசுத் தண்டு போல. நடுவில் அவன். இந்தப் பக்கம் காவலர்கள் ஏணியைப் பிடித்து இழுக்கிறார்கள், அவன் அந்தப் பக்கம் நகர்கிறான். அங்கேயும் காவலர்கள் முளைக்கிறார்கள், இந்தப் பக்கம் சரிகிறான். இருபுறமும் பாரம் ஏற ஏற, நடுவில் நிற்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமநிலையைத் தேடுகிறான். ஒரு சொல் இல்லை. எல்லாப் பக்கமும் அதிகாரம், நடுவில் ஒற்றை ஆள் என்பது அந்த ஏணியில் இருக்கிறது. இன்னொரு இடத்தில் ஓடிக் களைத்து, கடந்து போகிற காரின் பின்பக்கத்தை ஒரு கையால் எட்டிப் பிடிக்கிறான்; வேகத்தில் அவன் உடம்பு தரைக்குக் கிடைமட்டமாக நீள்கிறது. சூழ்ச்சியும் இல்லை, ஒட்டுவேலையும் இல்லை, ஒரு மனிதனின் தோளும் மணிக்கட்டும்தான். கடைசியில் எல்லாக் காவலர்களையும் காவல் நிலையத்துக்குள்ளேயே இழுத்துப் போய்ப் பூட்டிச் சாவியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வருகிறான். அந்தப் பெண் அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அவன் சாவியை எடுத்துக் கதவைத் திறக்கிறான். உள்ளேயிருந்து வருகிற கைகள் அவனை இழுத்துக்கொள்கின்றன. இறுதிச் சட்டகம் ஒரு கல்லறை. அதன் மேல் அவன் தொப்பி.

இதைச் சிந்தனையில்லாத சேட்டை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? கலைவாணர் 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947இல் விடுதலையாகி வந்தவர். செய்யாத ஒன்றுக்காக ஓர் அமைப்பு முழுவதும் பின்னால் வருவது எப்படியிருக்கும் என்று தன் வாழ்க்கையில் அறிந்தவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த ஏணிக்காட்சியை இளக்காரம் செய்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

காலத்தைத் தாங்காதவை இல்லையென்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கின்றன. மாக் சென்னட் 1912இல் தொடங்கிய கீஸ்டோனிலிருந்து வாராவாரம் வந்து விழுந்த படங்களில் பெரும்பகுதி இன்று பார்க்க அலுப்பானவை. பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுவதற்குக் காரணமும் இல்லை, அளவும் இல்லை. கீட்டனின் 'செவன் சான்சஸ்' (1925) படத்தில், முகத்தில் கரிபூசிய வெள்ளை நடிகரைக் கறுப்பினத்தவராகக் காட்டுகிற இடங்களைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. பிள்ளைகளுக்கு அந்தப் பகுதியை நான் போடவில்லை. பருமனான பெண்ணைப் பார்த்தாலே சிரிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அந்தப் படங்களில் நிறையவே இருக்கிறது. இவை கெட்டுப்போனவை, ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் கெட்டுப்போனது எது என்று கவனித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து இழிவான எண்ணங்களும், விளக்கச் சீட்டில் எழுதிக் காட்டிய வார்த்தை விளையாட்டுகளும்தான் புளித்துப் போயிருக்கின்றன. அதே 'செவன் சான்சஸ்' படத்தின் கடைசியில் மலைச்சரிவில் கீட்டன் ஓட, பாறைகள் உருண்டு துரத்துகிற காட்சி இருக்கிறதே, அதில் ஒரு விநாடிகூடப் பழசாகவில்லை. முன்னோட்டத் திரையிடலில், ஓடுகிறபோது தற்செயலாகக் கால் பட்டு மூன்று கற்கள் உருண்டதற்கு மக்கள் சிரித்தார்கள் என்பதைக் கவனித்து, கீட்டன் திரும்பிப் போய், சிறு கல்லிலிருந்து ஆளுயரத்தை மிஞ்சுகிற பாறை வரை நூற்றுக்கணக்கில் போலிப் பாறைகள் செய்யச் சொல்லி அந்தக் காட்சியைப் புதிதாக எடுத்தார். பார்வையாளரின் சிரிப்பை அவ்வளவு மரியாதையோடு கேட்ட கலைஞர் அவர். 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) எடுக்கும்போது, ரயில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ள, கழுத்தெலும்பு முறிந்தது. அது முறிந்திருந்தது என்பதே பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. 'சேஃப்டி லாஸ்ட்' (1923) படத்தில் கட்டடத்தின் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குகிற ஹெரால்ட் லாயிடின் வலக்கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிடையாது. 1919இல் ஒரு வெடிவிபத்தில் இழந்திருந்தார். உறை மாட்டிய கையோடு ஏறினார். ஜாக்கி சானின் 'ப்ராஜெக்ட் ஏ' (1983) படத்தில் மணிக்கூண்டிலிருந்து விழும் காட்சிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பேச்சு நகைச்சுவையின் கதையைத் திருப்பிப் பார்க்கலாம். 1930களின் தமிழ்ப் படங்களில் வருகிற வசனத் துணுக்குகளை இன்றைய இருபது வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்தக் காலத்து வழக்குச் சொல், அன்றைய செய்தி, அன்றைய சாதி நடைமுறை இவற்றை ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விடும். கலைவாணரின் வசனங்கள் துணிச்சலானவை, தேவையானவை. அதில் எனக்கு மறுப்பே இல்லை. மூடநம்பிக்கைக்கும் குடிக்கும் எதிராக அவர் பேசியதை நம் ஊர் என்றும் நினைவில் வைத்திருக்கும். ஆனால் அவரிடம் பேச்சு மட்டும்தான் இருந்தது என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். அவர் உடம்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

கலைவாணர் நடித்த 'மேனகா' 1935இல் வந்தது. அதை இயக்கியவர் ராஜா சாண்டோ. புதுக்கோட்டைக்காரர், உடற்பயிற்சி வீரர், பம்பாய் ஊமைப்படங்களில் சண்டைக்காட்சிகளால் பேர்பெற்றவர். அடுத்த வருடம் 'சதி லீலாவதி'. அதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்கள் எடுத்தவர். 1937இன் 'அம்பிகாபதி'யும் அவருடையதே. தமிழ் தெரியாத ஓர் இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று என்.எஸ்.கே.யைப் பார்த்தபோது அவர் கண்ணுக்கு என்ன கிடைத்திருக்கும்? சொல்லின் நயம் கிடைத்திருக்காது. நடை, நிற்கும் தோரணை, கண்ணின் உருட்டல், ஜோடியாக நடித்த மதுரத்தின் பக்கம் திரும்புகிற அந்த நேரம், இவைதான் கிடைத்திருக்கும். அவற்றை நம்பித்தான் 'இந்த ஷாட் சரி' என்று சொல்லியிருக்க முடியும். 'ராஜா ராணி' (1956) படத்தில் சிரிப்பின் வகைகளைப் பாடிக் காட்டுகிற காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் தோளும் வயிறும் தாடையும் வேறுவேறாக அசைகின்றன. பாட்டே தேவையில்லாமல் எந்தச் சிரிப்பு எந்த ஆளுடையது என்று சொல்லிவிடலாம். ஊமைப்படக் கலைஞர்களோடு அவருக்கு இருந்த உண்மையான உறவு அதில் இருக்கிறது. 'இந்தியாவின் சாப்ளின்' என்ற பட்டத்தைச் சொல்லிவிட்டுச் சாப்ளினின் ஓட்டத்தைக் கைவிடுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

உடம்பால் சிரிக்க வைப்பது வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு எண்ணமும் உண்டு. நம் மாவட்டத்தில் தோல்பாவைக் கூத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, அதில் ராமாயணம் நடக்கும். நடுநடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நுழைந்துவிடுவார்கள். ஒருவனை ஒருவன் அடிப்பான், துரத்துவான், துணியின் இந்த ஓரத்தில் மறைந்து அந்த ஓரத்தில் முளைப்பான். ராமனுக்கும் ராவணனுக்கும் காத்திருந்த கூட்டம் இவர்களுக்காகத்தான் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காரும். ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல்லே இத்தாலிய நாடகக் கோமாளிகள் வைத்திருந்த, அடித்தால் பலத்த ஓசை எழுப்புகிற இரட்டைப் பட்டைக் கோலிலிருந்து வந்தது. அந்தக் கோலைத் தோல்பாவைக் கூத்து நடத்தும் நம் மண்டிகர் கலைஞர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அடி விழுகிற அதே கணத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஓசை எழ வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். வெள்ளைத் திரையில் நிழலாக ஓடுகிற ஒருவனைப் பார்த்துச் சிரிக்க நாஞ்சில்நாட்டுக்காரனுக்கு ஹாலிவுட் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இன்றைய தலைமுறைக்கு இது எடுபடாது என்கிறவர்கள் கையிலிருக்கிற செல்போனையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை வடிவேலுவின் முகம் அதில் வந்து போகிறது? 'வின்னர்' (2003) படத்துக் கைப்புள்ள நெஞ்சை நிமிர்த்தி வருவதும் பின்வாங்குவதும் இரண்டு மூன்று விநாடித் துணுக்குகளாக, பெரும்பாலும் ஒலியே இல்லாமல் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்துச் சிரிக்கிற பையன் ஊமைப்பட நகைச்சுவையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். கமல்ஹாசனின் 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) முடிவில் மலை விளிம்பில் வீடு ஆடுகிறபோது தமிழ்நாடே குலுங்கிச் சிரித்தது. அந்த வீடு சாப்ளினின் 'கோல்ட் ரஷ்' (1925) படத்திலிருந்து வந்தது. 65 வருடம் கழித்து, வேறொரு மொழியில், வேறொரு கண்டத்தில் அதே ஆட்டம் அதே சிரிப்பைக் கொண்டுவந்தது. எடுபடாது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நம் ஊர் இதில் வெறும் பார்வையாளராக மட்டும் இருந்ததில்லை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' ஊமைப்படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அடிமுறை என்ற தற்காப்புக் கலையில் தேர்ந்தவர், அந்தக் கலையை உலகறியச் செய்ய வேண்டும் என்ற வேகத்தில்தான் சினிமா பக்கம் போனார். அந்தப் படம் இன்று இல்லை. ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. ஆனால் அவருடைய உறவினரான நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கி, 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற ஊமைப்படம் பிழைத்திருக்கிறது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா பதிப்பகம் வழக்குப் போட, திருவனந்தபுரத்தில் திரையிட்ட சில நாட்களிலேயே படம் நிறுத்தப்பட்டது. பதிப்பகத்தாரிடம் முடங்கிக் கிடந்த சுருளை 1974இல் பி.கே. நாயர் மீட்டுப் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் சேர்த்தார். தென்னிந்திய ஊமைப்படங்களில் இப்படி மிஞ்சியவை மிக அரிது. வழக்கு அதை மக்களிடமிருந்து பிரித்தது. அதே வழக்கால்தான் அது அழியாமல் ஒரு மூலையில் கிடந்தது.

அது சிரிப்புப் படமில்லை. ஆனால் அந்த நாவலின் முதுகெலும்பே துரத்தல். பத்மநாபபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் ஊடறுத்து, எதிரிகளின் ஆட்கள் பின்தொடர, இளவரசர் மார்த்தாண்ட வர்மா ஓடுகிறார்; பலாமரப் பொந்தில் ஒளிகிறார். நாம் தினமும் பேருந்தில் கடக்கிற ஊர்களின் கதை அது. அதைப் படமாகத் தயாரித்தவர் நம் ஊர்க்காரர். நாகர்கோவிலில் அதை முறையாகத் திரையிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நம் பிள்ளைகளுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. ஊமைப்படம் என்றாலே சேட்டை என்ற எண்ணம் இருக்கிற வரை, போய்க் கேட்கவும் யாருக்கும் தோன்றாது. நான் இவ்வளவு சூடாக எழுதுவதற்கு இதுதான் காரணம். ரசனை பற்றிய கருத்து வேறுபாடு என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது. ஒரு தவறான எண்ணத்தால் நம் கையிலிருக்கிற பொருளே நம் கண்ணில் படாமல் போகிறது.

வருகிற நவம்பர் 29க்கு மாலையும் மேடையும் இருக்கட்டும். கூடவே ஒரு திரையும் கட்டச் சொல்கிறேன். காப்பகத்தில் முறையாகக் கேட்டு 'மார்த்தாண்ட வர்மா'வை வரவழைக்கலாம். அதற்கு முன்னால் 'அட்வென்ச்சரர்', 'காப்ஸ்' இரண்டையும் சரியான வேகத்தில் போடலாம். ஒட்டிய இசை வேண்டாம். ஊமைப்படங்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் மௌனமாக ஓடியதில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து யாராவது வாசித்துக்கொண்டேதான் இருந்தார்கள். நம்மிடம் வில்லுப்பாட்டுக் குழுக்கள் இருக்கின்றன. கலைவாணருக்கு மிகப் பிடித்த கலை.

வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிற, எனக்குத் தெரிந்த குடக்காரர் ஒருவரிடம் அந்த ஏணிக்காட்சியைச் செல்போனில் காட்டினேன். மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்காவது தடவை, போலீஸ்காரர்கள் இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் மட்டையால் குடத்தின் வாயில் ஒரு தட்டு, ஏணி மேலே போகிறபோது நீளமாக, இறங்குகிறபோது சுருக்கமாக. நடுவில் அவன் மூச்சைப் பிடித்துச் சமநிலையில் நிற்கிற இடம் வந்தது. அவர் கையைக் குடத்துக்கு மேலே தூக்கியபடியே வைத்திருந்தார். "இங்க அடிக்கக் கூடாது சாரே," என்றார், "அவன் சாஞ்ச பெறவு அடிச்சாப் போரும்."